வீட்டில் முஃபுலெட்டா: எதை வாங்கலாம், எதற்கு மெனக்கெடலாம்?

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ஆலிவ் சாலட் சாண்ட்விச்சான முஃபுலெட்டாவைச் செய்யக் கிளம்புகிறவர் முன்னால் நிற்கும் கேள்விகள் நாலைந்துதான். ஆலிவ் சாலட்டை வாங்குவதா, வீட்டில் செய்வதா? ரொட்டியைச் சுடுவதா, கிடைப்பதை வைத்துச் சமாளிப்பதா? சூடாகப் பரிமாறுவதா, அப்படியே பரிமாறுவதா? இறைச்சி எது, எவ்வளவு? எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்கிறேன் என்று இறங்கினால் இரண்டு நாள் ஓடிவிடும். எல்லாவற்றிலும் குறுக்கு வழி பார்த்தால் கடைசியில் தட்டில் இருப்பது சாதாரண ஹாம் சாண்ட்விச்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த சாண்ட்விச்சின் உயிர், ஆலிவ் சாலட்டிலிருந்து இறங்கி ரொட்டிக்குள் ஊறும் எண்ணெயில் இருக்கிறது. அந்த எண்ணெயில் பூண்டு, ஓரிகானோ, வினிகரின் புளிப்பு, ஆலிவின் உப்பு எல்லாம் கலந்திருக்கும். அது ரொட்டியில் பாதி ஆழம் வரை போய் அங்கேயே நின்றுவிட்டால் நல்ல முஃபுலெட்டா. ரொட்டியைத் தாண்டிக் கையில் வழிந்தாலோ, ரொட்டிக்குள் போகாமல் மேலேயே நின்றாலோ சரியாக வரவில்லை என்று அர்த்தம். அதனால் எதைத் தேர்ந்தெடுப்பது என்று வரும்போதெல்லாம் நான் பார்ப்பது எண்ணெய் எங்கே போகும் என்பதைத்தான்.

இதை நான் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. அந்த சாண்ட்விச் பிறந்த கதையிலேயே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் சிசிலித் தீவிலிருந்து ஏராளமானோர் நியூ ஆர்லியன்ஸில் வந்து குடியேறினார்கள். அந்த நகரத்தின் பழைய பகுதியான பிரெஞ்சு குவார்ட்டரில் ஓர் இடத்தை, சிசிலியின் தலைநகர் பெயரால் குட்டி பலெர்மோ என்றே அழைக்கும் அளவுக்கு அங்கே சிசிலிக்காரர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான சால்வட்டோரே லூப்போ 1906-இல் டெக்கேட்டர் தெருவில் சென்ட்ரல் குரோசரி என்ற கடையைத் திறந்தார். பக்கத்துச் சந்தைக்கு வரும் சிசிலி விவசாயிகள் மதியம் இவர் கடையில் கொஞ்சம் ஹாம், கொஞ்சம் சலாமி, ஒரு துண்டு சீஸ், கொஞ்சம் ஆலிவ் சாலட், ஒரு ரொட்டி என்று தனித்தனியாக வாங்கிக்கொண்டு, பெட்டிகள் மேல் உட்கார்ந்து மடியில் வைத்துச் சாப்பிடுவார்களாம். ரொட்டியை வெட்டி எல்லாவற்றையும் உள்ளே வைத்துச் சாப்பிடலாமே என்று லூப்போ யோசனை சொன்னார். முதலில் பின்னல் போட்ட கெட்டி ரொட்டியில் செய்து பார்த்தார்கள், கடிக்க முடியவில்லை. எள் தூவிய மெத்தென்ற வட்ட ரொட்டிக்கு மாறினார்கள். அந்த ரொட்டியின் பெயர்தான் முஃபுலெட்டா. லூப்போவின் மகள் மரீ லூப்போ டூசா தன் சமையல் புத்தகத்தில் எழுதியிருக்கும் கதை இது. இப்போது இதைச் செய்யும் கடைகள் நியூ ஆர்லியன்ஸில் நிறைய. 2021-இல் ஐடா புயலில் சேதமடைந்து மூடிக் கிடந்த சென்ட்ரல் குரோசரியும் 2024 டிசம்பரில் மறுபடி திறந்துவிட்டது.

முதல் கேள்வி ஆலிவ் சாலட். இதில்தான் அதிக நேரம் செலவாகும், பலனும் இங்கேதான் அதிகம்.

வழிகள் மூன்று. பாட்டிலில் வாங்குவது, முழுக்க வீட்டில் செய்வது, பாட்டில் சாலட்டை வாங்கித் தேற்றுவது. டேப்பனேடு என்ற ஆலிவ் விழுதைத் தடவலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். அது விழுதாக இருப்பதால் ரொட்டியின் மேல் பூச்சு போட்டதுபோல் நின்றுவிடும், எண்ணெய் பிரிந்து கீழே இறங்காது. சுவை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறொரு சாண்ட்விச்.

பாட்டில் சாலட்டில் நியூ ஆர்லியன்ஸ் பக்கத்துத் தயாரிப்புகள் நம்பகமானவை. சென்ட்ரல் குரோசரி தன் சாலட்டையே பாட்டிலில் அடைத்து விற்கிறது. பாஸ்கோலி என்ற பிராண்டும் அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் எளிதாகக் கிடைக்கும். நேரமே இல்லாதவர்கள் இவற்றில் ஒன்றை வாங்கினால் ஏமாற மாட்டார்கள். மற்ற பிராண்டுகள் என்றால் லேபிளைப் பார்த்து வாங்குங்கள். பலவற்றில் ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் சோயா அல்லது கனோலா எண்ணெய்தான் முதலில் இருக்கும். எண்ணெய்க்காகவே செய்யும் சாண்ட்விச்சில் மணமில்லாத எண்ணெய் இருந்தால் மீதியெல்லாம் எதற்கு? இன்னொரு குறை, மாதக்கணக்கில் ஊறிய காய்கறியில் மொறுமொறுப்பு இருக்காது.

வீட்டில் செய்வதால் காசு மிச்சமாகும் என்று நினைக்க வேண்டாம். நல்ல ஆலிவும் நல்ல எண்ணெயும் விலைதான். ஆனால் காய்கறியின் கடிப்பு, பூண்டின் அளவு, உப்பு, புளிப்பு எல்லாம் நம் கையில் இருக்கும். 25 சென்டிமீட்டர் அகல ரொட்டி ஒன்றுக்கு, கொஞ்சம் மிஞ்சும்படியான கணக்கு இது: கொட்டை நீக்கிய பச்சை ஆலிவ் 250 கிராம், கலமாட்டா என்ற கிரேக்க ஆலிவ் 80 கிராம், ஜார்டினியேரா எனப்படும் வினிகரில் ஊறிய காலிஃபிளவர், கேரட், செலரிக் கலவை 200 கிராம், பச்சைச் செலரித் தண்டு ஒன்று, சுட்டுத் தோலுரித்த சிவப்புக் குடைமிளகாய் பாதி, கேப்பர் என்ற ஊறிய பூமொட்டு 2 மேசைக்கரண்டி, பூண்டு 3 பல், உலர்ந்த ஓரிகானோ ஒன்றரைத் தேக்கரண்டி, சிவப்பு ஒயின் வினிகர் 2 மேசைக்கரண்டி, ஆலிவ் எண்ணெய் 180 மில்லி. உப்பு தனியாக வேண்டாம்.

பச்சை ஆலிவில் கொட்டையோடு இருப்பதை வாங்கினால் நல்லது. கத்தியின் அகலப் பக்கத்தை ஆலிவ் மேல் வைத்து உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினால் பட்டென்று பிளந்து கொட்டை தானாக வெளியே வந்துவிடும். மெஷினில் கொட்டை எடுத்த ஆலிவ் உருண்டையாக, வழவழவென்று இருக்கும். இப்படிப் பிளந்த ஆலிவின் பிசிறு பிசிறான ஓரம்தான் எண்ணெயையும் பூண்டையும் பிடித்துக்கொள்ளும். உள்ளே சிவப்புத் துண்டு செருகிய ஆலிவ்தான் கிடைக்கிறது என்றால் அதையே போடலாம், தப்பில்லை. டின்னில் வரும் அமெரிக்கக் கறுப்பு ஆலிவை மட்டும் தவிர்த்துவிடுங்கள். லை எனப்படும் காரக் கரைசலில் பதப்படுத்தி, காற்றேற்றிக் கறுப்பாக்கி, அந்த நிறம் போகாமலிருக்க இரும்பு உப்பு சேர்ப்பார்கள். நிறம் கிடைக்கும், ஆலிவின் ருசி கிடைக்காது.

எல்லாவற்றையும் கத்தியால் கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்குங்கள். மிக்ஸியில் போட்டால் ஒரு சுற்றிலேயே பாதி விழுதாகி, காய்கறித் தண்ணீர் எண்ணெயோடு சேர்ந்து கலங்கிவிடும். தண்ணீர்தான் இதில் பெரிய எதிரி. எண்ணெய் ஊறிய ரொட்டிக்கும் தண்ணீர் ஊறிய ரொட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை வாயில் வைத்தவுடன் சொல்லிவிடலாம். முதலாவது மென்மையாக, கனமாக இருக்கும், இரண்டாவது சொதசொதவென்று கையோடு பிய்ந்து வரும். அதனால் ஜார்டினியேராவையும் ஆலிவையும் கேப்பரையும் கால் மணி நேரம் வடிகட்டியில் போட்டு வையுங்கள். பிறகு கையால் லேசாகப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். சிகாகோ பாணி ஜார்டினியேரா வாங்கியிருந்தால் அது ஏற்கெனவே எண்ணெயில் ஊறியது, பெரும்பாலும் மிளகாய்க் காரமும் இருக்கும். அந்த எண்ணெயை வடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

செய்த அன்றே சாப்பிட்டால் பூண்டு தனியாகவும் புளிப்பு தனியாகவும் நாக்கில் படும். ஒரு ராத்திரி ஊறினால் சேர்ந்துவிடும், இரண்டாம் நாள் இன்னும் நன்றாக இருக்கும். ஊறுவதை ஃபிரிட்ஜுக்குள் ஊற விடுங்கள். பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்க வைத்து வெளியே வைத்தால் காற்றுப் படாத அந்த இடத்தில் பாட்டுலிசம் என்ற நச்சு நோயைத் தரும் கிருமி வளர வாய்ப்புண்டு. வினிகரும் ஜார்டினியேராவின் புளிப்பும் நமக்குத் துணைதான். ஆனாலும் நம் வீட்டுச் சாலட்டின் புளிப்பை யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஃபிரிட்ஜில் வைத்து நாலு நாளுக்குள் முடித்துவிடுங்கள், மாதக்கணக்கில் சேமிக்கும் பண்டமாக நினைக்காதீர்கள். குளிரில் ஆலிவ் எண்ணெய் வெண்ணெய்போல் உறையும். கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், வெளியே எடுத்து வைத்தால் அரை மணி நேரத்தில் இளகிவிடும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான். பாட்டில் சாலட்டை வாங்கி அதன் எண்ணெயில் பாதியை வடித்துவிடுங்கள். நறுக்கிய பச்சை ஆலிவ் ஒரு கைப்பிடி, பச்சைச் செலரி, ஒரு பல் பூண்டு, ஓரிகானோ, நல்ல ஆலிவ் எண்ணெய் சேர்த்து ஒரு ராத்திரி வையுங்கள். பத்து நிமிட வேலைதான். போன கடிப்பும் மணமும் பெரும்பாலும் திரும்பிவிடும்.

அடுத்தது ரொட்டி. அசல் ரொட்டி சுமார் 25 சென்டிமீட்டர் அகலம், நாலைந்து சென்டிமீட்டர் உயரம், மேலே எள். மேல்தோல் மெல்லிசாக இருக்கும், உள்ளே துளைகள் பொடிப்பொடியாக, நெருக்கமாக இருக்கும். இந்த நெருக்கம்தான் எண்ணெயைப் பிடித்து வைக்கிறது. நியூ ஆர்லியன்ஸில் 1896-இல் தொடங்கிய லைடன்ஹைமர் போன்ற பேக்கரிகள் இதைச் செய்கின்றன. அந்த ஊருக்கு வெளியே இது கிடைப்பது அபூர்வம்.

மாற்றாக எல்லோரும் முதலில் சொல்வது சியாபட்டா என்ற இத்தாலிய ரொட்டி. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதன் பெரிய துளைகள் வழியாக எண்ணெய் நேராகத் தட்டுக்கு இறங்கிவிடும். நியூ ஆர்லியன்ஸிலேயே போபாய் சாண்ட்விச்சுக்குப் போடும் நீள பிரெஞ்சு ரொட்டியும் இதற்கு ஆகாது. மேல்தோல் நொறுங்கும், உள்ளே காற்று. புளித்த மாவு ரொட்டியின் தடித்த தோலைக் கடித்தால் உள்ளே இருப்பது மறுபக்கம் பிதுங்கும், லூப்போ கடையில் பின்னல் ரொட்டியைக் கைவிட்ட காரணம் இங்கேயும் பொருந்தும். ஃபொகாச்சியா என்ற தட்டையான இத்தாலிய ரொட்டி பரவாயில்லை. ஏற்கெனவே எண்ணெய் போட்டுச் சுட்டது என்பதால் புது எண்ணெயைக் குறைவாகத்தான் இழுக்கும், சாலட்டில் எண்ணெயை 120 மில்லியாகக் குறைத்துக்கொண்டால் சரியாக வரும். நான் முதலில் பரிந்துரைப்பது துருக்கிப் பேக்கரிகளில் நோன்பு மாதத்தில் கிடைக்கும் வட்டப் பிடே ரொட்டி. எள்ளும் கருஞ்சீரகமும் தூவியிருப்பார்கள். கொஞ்சம் தட்டையாக இருந்தாலும் உட்பகுதியின் நெருக்கம் ஏறக்குறைய சரியாக இருக்கும். எதுவும் கிடைக்காவிட்டால் எள் தூவிய பர்கர் பன்னில் சின்னச் சின்னதாகச் செய்யலாம். குழந்தைகள் வரும் விருந்துக்கு அது தோதாகவும் இருக்கும். ஆனால் இனிப்பில்லாத பன்னாகப் பார்த்து வாங்குங்கள், இனிப்பும் ஆலிவின் உப்பும் ஒத்துப்போவதில்லை.

சுடத் தெரிந்தவர்கள் சுடுங்கள், சிரமமான ரொட்டி இல்லை. மைதா அல்லது ரொட்டி மாவு 400 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 260 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், உப்பு 8 கிராம், சர்க்கரை 2 தேக்கரண்டி, ஆலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டி. பிசைந்து, இரண்டு மடங்காக உப்ப விட்டு, வட்டமாகத் தட்டி, மறுபடி முக்கால் மணி நேரம் விடுங்கள். மேலே தண்ணீர் தடவி எள்ளைத் தாராளமாகத் தூவி, 200 டிகிரி செல்சியஸில் 25 முதல் 30 நிமிடம். முழுக்க ஆறிய பிறகுதான் வெட்ட வேண்டும். முந்தின நாள் சுட்டது இன்னும் நல்லது. புது ரொட்டியின் ஈரமான உட்பகுதி எண்ணெயை ஒழுங்காக இழுக்காது.

சாலட்டா, ரொட்டியா, ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு சாலட்டைச் செய்யுங்கள், ரொட்டியை வாங்குங்கள். சுமாரான ரொட்டியை நல்ல சாலட் தூக்கி நிறுத்திவிடும். அருமையான ரொட்டிக்குள் சுமாரான சாலட்டை வைத்தால் ஒன்றும் நடக்காது.

சூடா, ஆறியதா என்பதில் நியூ ஆர்லியன்ஸ்காரர்களே இரண்டு கட்சி. சென்ட்ரல் குரோசரியில் முன்கூட்டியே செய்து காகிதத்தில் சுற்றி வைத்ததைத்தான் எடுத்துத் தருவார்கள். சூடு செய்வது என்ற பேச்சே கிடையாது. சில தெருக்கள் தள்ளி, சார்ட்ரெஸ் தெருவில் இருக்கிறது நெப்போலியன் ஹவுஸ். ஊரின் மேயராக இருந்த நிக்கோலா ஜிரோவின் வீடு அது. சிறைப்பட்டிருந்த நெப்போலியனை மீட்டு வந்து அங்கே தங்க வைக்கத் திட்டமிட்டார்கள் என்றும், அதற்குள் 1821-இல் அவர் இறந்துவிட்டார் என்றும் கதை. அங்கே முஃபுலெட்டாவைச் சூடாக, சீஸ் உருக உருகத் தருவார்கள். காஷோன் புச்சர் என்ற கடையும் சூடு பக்கம்தான், இறைச்சியையும் அவர்களே பதப்படுத்துகிறார்கள்.

சூடான முஃபுலெட்டாவுக்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. ஊற வைக்க நேரமில்லாதபோது அது கை கொடுக்கும், காய்ந்துபோன ரொட்டி அடுப்பில் உயிர் பெறும், உருகிய புரொவலோனே சீஸ் யாருக்குத்தான் பிடிக்காது. ஆனால் சூட்டில் எண்ணெய் நீர்த்து ஓடும். மோர்டடெல்லா என்ற இத்தாலியப் பன்றி சாசேஜின் கொழுப்பும் உருகி அதோடு சேரும். வினிகரின் மணம் ஆவியாகிப் போகும். ரொட்டியில் நிற்க வேண்டியது தட்டில் கிடக்கும், ஆறிவிட்டால் சாப்பிடவே முடியாது. எனக்குச் சூடே செய்யாததுதான் முஃபுலெட்டா. சூடானதுதான் வேண்டும் என்பவர்கள் அழுத்திச் சுடும் சாண்ட்விச் மெஷினை எடுக்காதீர்கள், அது எண்ணெயைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். அலுமினியத் தாளில் சுற்றி 175 டிகிரி ஓவனில் 15 நிமிடம் வைத்து உடனே சாப்பிடுங்கள். சாலட்டையும் வழக்கத்தைவிட நன்றாக வடித்துப் போடுங்கள்.

இறைச்சியில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. ஹாம், சலாமி, மோர்டடெல்லா, புரொவலோனே, சுவிஸ் சீஸ் என்பதுதான் சென்ட்ரல் குரோசரி வழி. ஒவ்வொன்றும் 100 கிராம் போதும், காகிதம்போல் மெல்லிசாகச் சீவச் சொல்லி வாங்குங்கள். ஒரே தடித் துண்டாக வைத்தால் கடிக்கும்போது முழுசாக இழுபட்டு வரும். விலை உயர்ந்த இத்தாலிய ஹாமான புரோஷுட்டோவெல்லாம் இங்கே வீண், ஆலிவின் உப்பில் அதன் நுட்பம் காணாமல் போய்விடும். மோர்டடெல்லாவை மட்டும் விட்டுவிடாதீர்கள், அதன் வழவழப்பும் லேசான இனிப்பும் இந்தப் புளிப்புக்கும் உப்புக்கும் தேவை. பன்றி சாப்பிடாதவர்களுக்கு அமெரிக்காவின் ஹலால் கடைகளில் மாட்டு சலாமி, மாட்டு அல்லது வான்கோழி மோர்டடெல்லா கிடைக்கும். வான்கோழி ஹாம் மட்டும் போட்டால் வறட்சியாக இருக்கும், மோர்டடெல்லாவின் பங்கைக் கூட்டுங்கள்.

சைவமாகச் செய்வதும் நன்றாகவே வரும், ஏனென்றால் முக்கியப் பாத்திரமான ஆலிவ் சாலட்டே சைவம்தான். கத்திரிக்காயை ஒரு சென்டிமீட்டர் வில்லைகளாக வெட்டி, உப்புத் தூவி அரை மணி வைத்துத் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி ஓவனில் பழுப்பாகும் வரை சுடுங்கள். எண்ணெயைக் கூட்டாதீர்கள், சாலட்டின் எண்ணெயை இழுக்க அதில் இடம் வேண்டும். மரபு முறையில் செய்யும் புரொவலோனேயில் பாலைத் திரிய வைக்க, விலங்கிலிருந்து எடுத்த ரென்னட் சேர்ப்பார்கள். கண்டிப்பான சைவக்காரர்கள் சைவ ரென்னட் என்று லேபிளில் போட்ட சீஸைத் தேடி வாங்க வேண்டும்.

அடுக்கும் முறையிலும் எண்ணெய்க் கணக்கு உண்டு. ரொட்டியைக் குறுக்கே வெட்டி, இரண்டு பக்கத்து உட்புறத்திலும் சாலட்டை எண்ணெயோடு அள்ளிப் பரப்புங்கள். சீஸை ரொட்டியை ஒட்டி வைக்காதீர்கள், அது தடுப்புச் சுவர்போல் எண்ணெயை மறித்துவிடும். இறைச்சி, நடுவில் சீஸ், மேலே மறுபடி இறைச்சி என்று வையுங்கள். மூடி, காகிதத்தில் இறுக்கிச் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் உறை போட்டு, ஃபிரிட்ஜில் ஒரு தட்டின் மேல் வைத்து, மேலே ஒரு வார்ப்பிரும்புத் தோசைக்கல்லை ஏற்றுங்கள். பாதி நேரத்தில் ஒருமுறை புரட்டிப் போட்டால் மேல் ரொட்டிக்கும் எண்ணெய் போகும். குறைந்தது இரண்டு மணி நேரம், நாலு முதல் எட்டு மணி நேரம் என்றால் ரொம்ப நல்லது. சாப்பிடுவதற்கு முக்கால் மணி முன்பு வெளியே எடுத்தால் உறைந்த எண்ணெய் இளகிவிடும். இறைச்சியும் சீஸும் இருப்பதால் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விட வேண்டாம்.

சனிக்கிழமை மதியம் நண்பர்களைக் கூப்பிட்டிருந்தால் வியாழன் ராத்திரி சாலட், வெள்ளி மாலை ரொட்டி, சனி காலை எழுந்ததும் அடுக்கிக் கல்லை வைத்துவிடுவது சரியான கணக்கு. பரிமாறும்போது நாலாக வெட்டினால் நாலு பேருக்கு வயிறு நிறையும், எட்டாக வெட்டினால் எட்டுப் பேருக்குச் சிற்றுண்டி. மிச்சமானால் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள், மறுநாளும் நன்றாக இருக்கும். அதற்கு அடுத்த நாள் ரொட்டி தளர்ந்துவிடும். மீந்த சாலட்டை வேகவைத்த பாஸ்தாவில் புரட்டலாம், வேகவைத்த முட்டையோடு சாப்பிடலாம்.